கரி தீர்ந்த கப்பல்

போன மாதம் லண்டனிலிருந்து மகள் வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகு, "அப்பா, உங்களுக்கு ஒரு கப்பல் கொண்டாந்திருக்கேன்" என்று சின்ன டப்பா ஒன்றை என் கையில் வைத்தாள். உள்ளே ஒரு வெள்ளி நாணயம். நம்முடைய ஒரு ரூபாய்க் காசு அளவுதான். ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் சூலம் பிடித்த பிரிட்டானியா, பிரிட்டனைப் பெண்ணாக வடித்த உருவம். "அதையெல்லாம் விடுங்க, விளிம்பைப் பாருங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டு, மேலே பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி ஒரு பெயர்: எஸ்.எஸ். கேர்சொப்பா.

நாற்பது வருஷத்துக்குக் கிட்ட எஞ்சின் ரூமில் கிடந்தவன் நான். கப்பல் பெயரைக் கேட்டால் அது எந்தக் கம்பெனி, என்ன எஞ்சின், எங்கே கட்டியது என்று தேடாமல் எனக்குத் தூக்கம் வராது. அன்று ராத்திரி உட்கார்ந்தவன், இரண்டு வாரமாக எழுந்திருக்கவில்லை.

முதலில் கம்பெனி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. இந்தப் பெயரைத் தூத்துக்குடிக்காரனுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அது 'பி.ஐ.'. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்த பி.ஐ.யை எதிர்த்துத்தான். கொழும்புக்குக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்த கம்பெனி என்று சொல்வார்கள். என் தாத்தா தோணித் தண்டல், தோணியை நடத்துகிறவர். துறைமுகத்தில் ஆழம் கிடையாது என்பதால் பெரிய கப்பல்கள் எல்லாம் பல மைல் தள்ளி, முயல் தீவுக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்ற இறக்கத் தோணிகள்தான் போய் வரும். தாத்தா கரையில் நின்றபடியே சொல்வாராம்: "கருத்த புகைப்போக்கி, அதுல ரெண்டு வெள்ளப் பட்ட. பி.ஐ.தாம்லே." அந்தக் கம்பெனியின் மேல் அவருக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அந்தக் கப்பல்களின் அழகைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். கூலி வாங்கியதும் அவர்களிடம்தான், வ.உ.சி.க்காக வயிறெரிந்ததும் அவர்களைப் பார்த்துத்தான். எனக்கும் அந்தக் கம்பெனியை நினைத்தால் இன்றுவரை இரண்டும் சேர்ந்தே வருகிறது.

கேர்சொப்பா பிறக்கும்போது அதன் பெயர் அதுவல்ல. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களுக்கு ஈடாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி பிரிட்டன் நூற்றுக்கணக்கில் சரக்குக் கப்பல் கட்டியது. அவற்றுக்கெல்லாம் 'வார்' என்று தொடங்கும் பெயர். இதற்கு 'வார் ரோபக்' என்று வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில், பால்மர்ஸ் கப்பல் தளத்தில் 1919 ஆகஸ்டில் தண்ணீரில் இறங்கியது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. பி.ஐ. வாங்கிக்கொண்டு, தன் வழக்கப்படி 'ஆ' என்று முடியும் ஓர் இந்திய ஊர்ப் பெயரை வைத்தது. கெருசொப்பா கர்நாடகத்தில் சராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது. மிளகு விற்ற ராணி சென்னபைராதேவியின் ஊர். ஜோக் அருவிக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கெருசொப்பா அருவி என்றுதான் பெயர். எண்ணூறு அடிக்கு மேலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தின் பெயரை, நாலாயிரத்து எழுநூறு மீட்டர் ஆழத்துக்குப் போகப்போகிற கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள்.

5,237 டன் கப்பல். நாலு நூறு அடி நீளம். ஒரே நீராவியை மூன்று சிலிண்டரில் அடுத்தடுத்து விரியவிட்டு ஓடும் டிரிபிள் எக்ஸ்பான்ஷன் எஞ்சின், ஒரே புரொப்பல்லர். கரி போட்டு ஓடுவது. நன்றாக ஓடினால் பத்து, பதினோரு நாட் வேகம், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். அடுத்த இருபது வருஷம் அது என்ன செய்தது என்றால், வேலை செய்தது. கீழ்த்திசை நாடுகள், ஆஸ்திரேலியா, இந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா. மூட்டையும் பெட்டியும் ஏற்றியது, இறக்கியது. சரக்குக் கப்பலின் வாழ்க்கையில் சொல்வதற்குக் கதை இருக்காது. கதை இல்லாமல் ஓடினால் அது நல்ல கப்பல், அதில் நல்ல ஆட்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்த ஆட்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

கேப்டன், அவருக்கு அடுத்த அதிகாரிகளான மேட்டுகள், எஞ்சினியர்கள், ரேடியோ ஆபீசர்கள் வெள்ளைக்காரர்கள். மீதிப் பேர், கப்பலின் பெரும்பகுதி, இந்தியர்கள். லஸ்கர் என்பார்கள். மேல்தளத்தில் கலாசிகள், அவர்களுக்குத் தலைவன் சாரங், அவனுக்குக் கீழே டிண்டல். எங்கள் தோணித் தண்டல்தான் அவர்கள் வாயில் டிண்டல். கீழே பாய்லர் அறையில் நெருப்புக்காரன் 'ஆக்வாலா', கரி தள்ளுகிறவன் 'கோய்லாவாலா', ஆங்கிலத்தில் டிரிம்மர். சமைக்கிறவர் பண்டாரி. வங்காளத்து நெல் வயல்களிலிருந்து, சிலட், சிட்டகாங், நவகாளிப் பக்கமிருந்து இந்தக் கப்பல்களுக்கு ஆள் போனது. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் நாலு பேரில் ஒருவர் இப்படிப்பட்ட இந்தியர். சம்பளம் வெள்ளை மாலுமி வாங்கியதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. படுக்க இடம் பாதிக்கும் குறைவு. அதுவும் சட்டப்படியே. 1939இல் போர் அறிவித்த கொஞ்ச நாளில், உயிரைப் பணயம் வைப்பதற்குக் கூடுதல் கூலி கேட்டு லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு கூலி கொஞ்சம் ஏறியது.

இந்த வேலையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1971இல் கல்கத்தா கிதிர்பூர் துறையில் ஜூனியர் எஞ்சினியராக நான் ஏறிய முதல் கப்பல், போர்க்காலத்தில் அமெரிக்காவில் கட்டிய ஒரு கிழட்டு லிபர்ட்டி. அதுவும் நீராவிதான், ஆனால் எண்ணெய் எரிப்பது. அதில் எஞ்சின் சாரங்காக இருந்தவருக்கு அறுபது நெருங்கியிருக்கும். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி, இரண்டு முன்னங்கைகளிலும் பழைய தீப்புண் தழும்புகள் வரிவரியாக. போருக்கு முன்னும் போரிலும் கரிக் கப்பல்களில் ஆக்வாலாவாக இருந்தவர். அவரிடம்தான் நான் நீராவியைக் கற்றுக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் கிராங்க் சுற்றி மேலே வரும் நொடியில் உள்ளங்கையை நீட்டி, பேரிங் சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் கை போய்விடும். முதல் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் தாளம் என் உடம்புக்குள் இறங்கும்வரை விடாமல் நின்றார்.

ராத்திரி வாட்சில், அதாவது முறைவேலையில், கரி பற்றிப் பேசுவார். இந்தியும் வங்காளமும் கலந்த அவர் பேச்சு எனக்கு முழுதாகப் புரிய மூன்று மாதம் ஆனது. நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். ஒவ்வோர் ஆளுக்கும் மூன்று உலைவாய். கதவைத் திற, பரப்பிப் போடு, மூடு. குவித்துப் போட்டால் எரியாது, வீசிப் பரப்ப வேண்டும். இடையில் நீளக் கம்பியை உள்ளே விட்டு நெருப்பைக் குத்திக் கிளறி, சாம்பல் உருகிக் கட்டிபிடித்த கிளிங்கரை உடைத்து வெளியே இழுக்க வேண்டும். அது சிவந்துபோய்க் காலடியில் விழும். தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவியில் மூச்சு நிற்கும். வங்காளக் கரியில் சாம்பல் அதிகம், அதனால் கிளிங்கரும் அதிகம். கடல் கொந்தளித்தால் கப்பல் ஆடும் ஆட்டத்துக்குக் காத்திருந்து, உலைவாய் கீழே சாயும்போது ஷவலை வீச வேண்டும். எதிர்ச் சாய்வில் வீசினால் கரியும் நெருப்பும் நம் மேலேயே திரும்பி வரும். கரி சேர்த்துவைக்கும் அறையான பங்கரில் கரி நிறைய இருக்கும்போது கோய்லாவாலாவுக்கு வேலை சுலபம், கதவைத் திறந்தால் தானாகச் சரியும். பயணம் நீள நீளக் கரி உள்ளே பின்வாங்கும். இருட்டில், ஆடுகிற தரையில், தள்ளுவண்டியோடு அதைத் தேடிப் போக வேண்டும்.

"கடைசி வாரம்தான் கஷ்டம், சாப்" என்பார். "நாம் களைத்திருப்போம். கரியும் தூரமாகப் போயிருக்கும்."

இன்னொன்றும் சொல்வார். வாட்ச் முடிந்ததும் அப்படியே மேல்தளத்துக்குப் போகக் கூடாது. உடம்பு ஆறும்வரை கீழேயே உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். வேர்வையோடு குளிர்காற்றில் போய் நின்று நெஞ்சு பிடித்துச் செத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், கேர்சொப்பாவைக் கொன்றது டார்பிடோ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன் கண்ணுக்கு, அதைக் கொன்றது கரி.

1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. 2,600 டன் கச்சா இரும்பு, 1,765 டன் தேயிலை, இரண்டாயிரத்துச் சொச்சம் டன் பலசரக்கு, கூடவே தபால் மூட்டைகள், இவற்றோடு வெள்ளிக் கட்டிகள். இன்ஷூரன்ஸ் கணக்கில் இருந்தவை மட்டும் 2,817 கட்டி. கேப்டன் ஜெரால்ட் ஹைலண்ட். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஃப்ரீடவுன் வந்து, அங்கிருந்து ஜனவரி 30ஆம் தேதி லிவர்பூல் நோக்கிக் கிளம்பிய எஸ்.எல். 64 என்ற கப்பல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. எட்டு நாட் வேகத்தில் ஊரும் கூட்டம். மெதுவாகப் போனாலும் கூட்டத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு.

பிப்ரவரியில் வட அட்லாண்டிக். எதிர்க்காற்று, மலை மலையாக அலை. இங்கேதான் கணக்கு மாறுகிறது. இந்த அளவுக் கப்பல் நாளுக்கு இருபத்தைந்து, முப்பது டன் கரி தின்னும். அமைதியான கடலில் அந்தக் கரிக்கு இருநூறு மைலுக்கு மேல் போகும். எதிர்க்கடலில் அதே கரியை எரித்துப் பாதி தூரம்கூட நகராது. பாய்லருக்குக் காற்றடிப்பது தெரியாது, தின்பதைத் தின்றுகொண்டுதான் இருக்கும். வயிற்றில் இரும்பும் தேயிலையும் நிறைந்த கனத்த கப்பல், கூட்டத்தோடு வேகம் பிடிக்க வேண்டிய கட்டாயம். பங்கரில் கரி சரசரவென்று இறங்கியிருக்கும். தள்ளுவண்டிகள் கடைசி மூலை வரை போயிருக்கும்.

பிப்ரவரி 14 அன்று கேப்டன் ஹைலண்ட் முடிவெடுத்தார். லிவர்பூல் வரை போகக் கரி போதாது. கூட்டத்தை விட்டுப் பிரிந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே துறைமுகத்துக்குத் தனியாகப் போவது. கரியை மிச்சம் பிடிக்க வேகத்தை ஐந்து நாட்டுக்குக் குறைத்தார். அந்த முடிவை இன்றைக்கும் குறை சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். வேகத்தைப் பாதியாக்கினால் எரியும் கரி பாதிக்கும் வெகு கீழே இறங்கும். நானாக இருந்தாலும் கையிருப்பை எண்ணிப் பார்த்துவிட்டு அதைத்தான் கேப்டனிடம் சொல்லியிருப்பேன். நடுக்கடலில் நீராவி அணைந்து நிற்பதைவிட மெல்ல ஊர்ந்துபோவது மேல்.

16ஆம் தேதி காலையில் ஒரு ஜெர்மன் விமானம், நாலு எஞ்சின் போக்கே வுல்ஃப், தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் இருந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கும். அன்று பகல் முழுதும் கீழே ஆக்வாலாக்கள் என்ன மனநிலையில் ஷவல் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். மேலே இருப்பவனுக்குக் கடலாவது கண்ணுக்குத் தெரியும். கீழே இருப்பவனுக்கு, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஓர் இரும்புத் தகட்டுக்கு இந்தப் பக்கம், நெருப்பு மட்டும்தான் தெரியும்.

நள்ளிரவை ஒட்டி யு-101 நீர்மூழ்கியின் டார்பிடோ வலப்பக்கம் இரண்டாம் நம்பர் ஹோல்டில், அதாவது சரக்கறையில், இறங்கியது. எர்ன்ஸ்ட் மெங்கர்சன் அதன் கமாண்டர். வெடித்த வேகத்தில் முன் பாய்மரம் சாய்ந்து, அதோடு ரேடியோ ஆன்டெனாவும் அறுந்து விழுந்தது. உதவி கேட்டு ஒரு சொல் வெளியே போகவில்லை. இருபது நிமிஷத்தில் கப்பல் இல்லை.

மூன்று உயிர்ப்படகுகளை இறக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் தப்பியது. இரண்டாவது ஆபீசர் ரிச்சர்ட் ஏர்ஸ் பொறுப்பில் இருந்த படகு. முப்பது பேர் அளவுக்கு அதில் இருந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். கரை முன்னூறு மைலுக்கு அப்பால். ஏர்ஸ் பாயை விரித்துக் கிழக்கே திருப்பினார்.

பிறகு நடந்ததைச் சொல்லும் பதிவுகளில், இந்திய மாலுமிகள் குளிரிலும் கடல் தண்ணீரைக் குடித்ததாலும் முதலிலேயே இறந்துபோனார்கள் என்று வருகிறது. உண்மைதான். ஆனால் அதைப் படிக்கும்போது அவர்கள் ஏதோ மன உறுதி இல்லாதவர்கள் என்கிற மாதிரி ஒரு தொனி சில இடங்களில் கேட்கிறது. அதை என்னால் ஏற்க முடியாது. அந்த நேரத்தில் வாட்சில் இருந்த நெருப்புக்காரன் எப்படி மேலே ஏறி வந்திருப்பான்? இடுப்பில் ஒரு பருத்தித் துணி, உடம்பு முழுதும் வேர்வை, கழுத்தில் அதைத் துடைக்கிற துண்டு. உலைவாயிலிருந்து நேராகப் பிப்ரவரி மாத அட்லாண்டிக்கின் அலை தெறிக்கும் திறந்த படகுக்கு. கம்பளியைச் சுற்றிக்கொள், உடம்பு ஆறட்டும் என்று சொல்ல அங்கே சாரங்குக்கு நேரம் இருந்திருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் அரைத் தூக்கத்தில் கரி வீசிக் களைத்த உடம்பு அது. உறுதி இல்லாதவன் அந்த வேலையில் ஒரு வாட்ச் தாங்க மாட்டான்.

ஏழாம் நாள் தண்ணீர் தீர்ந்தது. ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் நாள், மார்ச் 1ஆம் தேதி, கரை தெரிந்தது. இங்கிலாந்தின் தென்கோடி, கார்ன்வாலில் லிசர்ட் முனை. அப்போது உயிரோடு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பாறைகளுக்கு நடுவே கேர்தில்லியன் என்ற சின்னக் குடாவுக்குள் படகு வரும்போது, அலை அதைக் கவிழ்த்தது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு.

எங்கள் ஊரில் தோணிக்காரர்கள் சொல்வார்கள், நடுக்கடல் கொல்லாது, கரைதான் கொல்லும் என்று. கரையை அடிக்கிற அலையில்தான் படகு போகும்.

குண்டுவீச்சுக்குப் பயந்து அங்கே அனுப்பிவைக்கப்பட்ட மூன்று சிறுமிகள் குன்றின் மேலிருந்து அந்தப் படகைப் பார்த்தார்கள். ஒருத்தி ஆள் கூப்பிட ஓடினாள், மற்றவர்கள் கத்தினார்கள். தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்த ஏர்ஸுக்கு அந்தக் குழந்தைகளின் குரல் கேட்டது. அவரை மட்டும் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். ரேடியோ ஆபீசர் ராபர்ட் ஹாம்ப்ஷயரும் பீரங்கிக்காரர் நார்மன் தாமஸும் அந்தக் கடைசி நிமிஷம் வரை படகில் உயிரோடு இருந்து, கரை ஏறாமல் போனார்கள். 86 பேரில் ஒருவர் பிழைத்தார். ஏர்ஸ் உடம்பு தேறி, மறுபடியும் கடலுக்கே போனார். எம்.பி.ஈ. பட்டம் கொடுத்தார்கள். அவர் 1992 வரை இருந்தார். மனிதர் செய்தது சாதாரணக் காரியம் இல்லை. அவரை நினைத்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எழுபது வருஷம் கழித்து, 2011இல், ஒடிஸி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி கப்பலைக் கண்டுபிடித்தது. டைட்டானிக் கிடப்பதைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூடுதல் ஆழம். அடிமட்டத்தில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்ததாம். பக்கவாட்டில் டார்பிடோ துளை, ஹோல்டில் தேயிலைப் பெட்டிகள். 2012இலும் 2013இலும் ரோபோவை இறக்கி வெள்ளியை எடுத்தார்கள். மொத்தம் 2,792 கட்டி, நூற்றுப் பத்து டன். கணக்கில் இருந்தது 2,817. இருபத்தைந்து குறைகிறது. எடுத்ததில் எண்பது சதவீதம் கம்பெனிக்கு, மீதி பிரிட்டிஷ் அரசுக்கு. போர்க்காலத்திலேயே இந்த வெள்ளிக்கு அரசு ஆறு லட்சம் பவுண்டு இன்ஷூரன்ஸ் கொடுத்து முடித்திருந்ததால் அது அரசின் சொத்து. அதில் ஒரு பகுதியை ராயல் மின்ட் உருக்கிக் காசு அடித்தது. அதில் ஒன்றுதான் இப்போது என் மேசையில்.

வெள்ளியை விடுங்கள். ரோபோ கொண்டுவந்தவற்றில் என்னை உலுக்கியது தபால்தான். எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள், நாலேமுக்கால் கிலோமீட்டர் ஆழத்தில், ஒளியும் காற்றும் இல்லாத சேற்றில் எழுபது வருஷம் அழியாமல் கிடந்திருக்கின்றன. கை எழுத்து படிக்கிற அளவுக்கு இருந்தது. காகித வல்லுநர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தார்கள். 2018இல் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். என் மகள் போய்ப் பார்த்திருக்கிறாள். இந்தியாவில் இருந்த ஒரு சிப்பாய், ஊரில் ஒரு பெண்ணிடம் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான். அவள் சம்மதம் என்று எழுதியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் அவன் எழுதிய பதில் இந்தக் கப்பலில்தான் போனது. போய்ச் சேரவில்லை. அவர்கள் கல்யாணமும் நடக்கவில்லை. "அப்பா, அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்" என்றாள் மகள்.

நான் அவளிடம் ஒன்று கேட்டேன். கரிக்காரர்கள் எழுதிய கடிதம் ஏதாவது இருந்ததா? கேட்ட பிறகுதான் என் கேள்வியில் இருந்த தவறு எனக்கே தெரிந்தது. ஊரில் இருப்பவனுக்குத்தான் கடிதம் போகும். அவர்கள் கப்பலிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கப்பல் வாரியாக, வெண்கலப் பலகைகளில் பெயர்கள். கேர்சொப்பாவின் வெள்ளை மாலுமிகள் பெயர் அங்கே இருக்கிறது. அதே கப்பலின் இந்தியர்கள் அங்கே இல்லை. இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ ஆறாயிரம் பேருக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவிடம். வெண்கலத்தில் அல்ல, புத்தகத்தில்.

அந்தப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். 1987இல் எங்கள் கப்பல் உரம் இறக்கச் சிட்டகாங்கில் பதினோரு நாள் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொழுதுபோகாமல் போர்க் கல்லறைப் பக்கம் நடந்தேன். பச்சைப்புல், வரிசையாகக் கற்கள், நல்ல அமைதி. காவலாளி பெரிய புத்தகம் ஒன்றைக் காட்டினார். புரட்டினேன். பெயர், வேலை, கப்பல். சில பெயர்களுக்குத் தகப்பன் பெயரும் ஊரும். ஃபயர்மேன், ஃபயர்மேன், டிரிம்மர், ஃபயர்மேன். பத்துப் பதினைந்து பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். அன்று எனக்குக் கேர்சொப்பாவைத் தெரியாது. அந்தப் பெயர்கள் என் விரலுக்கடியில் போயிருக்கலாம்.

என் சாரங்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினாலு மாதம் அவரோடு இருந்தேன். 'சாரங் சாப்' என்றுதான் கூப்பிட்டேன், எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிதிர்பூரில் சைன் ஆஃப் செய்து போகும்போது, தன் தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "மணிக்கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சாப்" என்று சிரித்துவிட்டுப் போனார். கோபாலன் கடையில் வாங்கிய நோட்டில் அந்த நாளை எழுதி வைத்திருக்கிறேன். தேடி எடுத்துப் பார்த்தேன். 'சாரங் இன்று இறங்கினார்' என்றுதான் இருக்கிறது. க்ரூ லிஸ்டில் அவர் பெயர் இருந்தது, அந்தத் தாளைப் பல தடவை கையில் வாங்கியிருக்கிறேன். படிக்கவில்லை.

இப்போது போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கப்பல் பெயரைத் தட்டினால் வருகிறது. அதே பழைய நோட்டில் மிச்சம் கிடந்த பக்கங்களில், கேர்சொப்பாவின் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழுக்குக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமாக இல்லை, நெடிலா குறிலா என்று பல இடத்தில் தடுமாறுகிறேன். வங்காளம் தெரிந்த பழைய நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டுத் திருத்துகிறேன். ஒரு பெயருக்கு நேற்று இரண்டு தடவை கூப்பிட்டேன், அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். சாரங், டிண்டல், கலாசிகள் முடிந்தது. இன்று ராத்திரி நெருப்புக்காரர்கள் தொடங்க வேண்டும்.